அண்ணனூரில் திருத்தப்பட்ட பாட்டு

அண்ணனூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் கிடாரோடு உட்கார்ந்திருப்பவர் கிறிஸ்தவப் பாடல்களை எழுதி, மெட்டமைத்து, சபை சபையாகப் போய்ப் பாடுகிறவர். "பத்து வருசம் ஆச்சு சார். நம்ம பாட்டை யாரு பாடறாங்க? இத்தோட உட்டுடலாம்னு கீறேன்," என்கிறார். ஆனாலும் பழக்கதோஷத்தில் முணுமுணுக்கிறார்: "உடைந்த உள்ளத்தில் வந்தவரே..."

டிபன் பையோடு வேலைக்குப் போகும் ஓர் அம்மா திரும்புகிறார். "தப்பா பாடறியே நைனா. 'ஒழுகுற ஊட்டுக்குள்ள வந்தவரே'ன்னு வரும். எங்க ஜெபக் கூட்டத்துல வாராவாரம் பாடறோம்."

பாட்டு தன்னுடையது என்று அவர் சொல்லவில்லை. நோட்டை விரித்துத் தன் வரியை அடித்துவிட்டு, அந்த அம்மாவின் வரியை எழுதிக்கொள்கிறார்.

ரயில் வருகிறது. அந்த அம்மா பெண்கள் பெட்டியில் ஏறிவிட, இவர் ஜன்னலோரம் ஓடுகிறார்.

"அடுத்த வரி இன்னாக்கா?"