கண்ணைத் திற, நியெலே ஜாரா

ஒவ்வொரு படம் எடுத்ததும் சாலிமாட்டா த்ராவரேயின் வலது கட்டைவிரல் காற்றில் ஒரு தள்ளுத் தள்ளும். ஃபிலிமை நகர்த்திப் பழகிய விரல். ஃபிலிம் போய்ப் பதினெட்டு வருடமாகிறது. விரலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஃபிலிமா? அந்தப் பீடைய மறந்தே போயிட்டேன்" என்பாள். முப்பத்தாறு படத்துக்குள் ஒரு கல்யாணத்தையே அடக்கியாக வேண்டிய காலம் அது. மாப்பிள்ளை கொட்டாவி விட்டது ஒரு வாரம் கழித்துக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். கழுவுவதற்குள் வெளிச்சம் பட்டுவிட்டால் அத்தனையும் பாழ். இப்போது செகூ நகரச் சந்தையில், தன் போட்டோக்கடை வாசலில் போகிற கழுதையைக்கூட நாலு கோணத்தில் எடுக்கிறாள். எடுத்ததைத் தானே முதலில் பார்த்து, தொடையில் தட்டிச் சிரித்து முடித்த பிறகுதான் அடுத்தவருக்குக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள், வெங்காயம் விற்கும் நியெலே ஜாரா. பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்து அவளை மக்காவுக்கு அனுப்புகிறார்கள். பாஸ்போர்ட் மனு வாங்குவது அன்று நாலு மணியோடு சரி. கண் திறந்த படம் ஒன்று வேண்டும். நியெலேவுக்கோ கேமராவைக் கண்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். அடையாள அட்டையில்கூடத் தூங்குகிறாள்.

"கவலைய விடுக்கா. இதுல எத்தன வேணா எடுக்கலாம்" என்று அவள் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணியைக் கட்டி ஆரம்பித்தாள் சாலிமாட்டா. நூறு எடுத்தாள். இருநூறு எடுத்தாள். மீன்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படம். அத்தனையிலும் நியெலே நிம்மதியாக உறங்கினாள். மணி மூன்றரை.

"எனக்குக் குடுத்து வைக்கல, விடு" என்றாள் நியெலே. குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் சாலிமாட்டாவுக்கு உறைத்தது. த்ராவரே குலத்தாரும் ஜாரா குலத்தாரும் சந்தித்தால் ஒருவரையொருவர் 'காராமணி தின்னி' என்று வம்புக்கிழுத்தே ஆக வேண்டும். செகூவில் அதுதான் மரியாதை. படமெடுக்கிற மும்முரத்தில் இருவரும் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்கள். கேமராப் பொத்தானில் விரலை வைத்தபடி சாவகாசமாகச் சொன்னாள்:

"ஜாரா வீட்டுப் பொம்பளைக்கு மக்கா எதுக்கு? அங்க காராமணி கெடைக்காதாமே. ரெண்டே நாள்ல ஓடி வந்துருவ."

"யாரடி காராமணி தின்னி? எங்க வீட்டுப் பானைய வழிச்சுத் தின்னு வளந்த த்ராவரே, நீ பேசறியா?"

சடசடவென்று எட்டுப் படம் விழுந்தது. ஐந்தாவதிலிருந்து ஒரே வாய். நாலாவதில் வாய் இன்னும் திறக்கவில்லை. கண் மட்டும் இரண்டும் அகலத் திறந்திருந்தது. மீன்காரிகள் குலவை போட்டார்கள். நியெலே வெங்காயக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே ஆடினாள்.

எதிர்க்கடையில் அச்சுப் போட வேண்டும். கேமராவிலிருந்து கார்டை எடுக்க நியெலே ஆசையாகக் கை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் சாலிமாட்டா. வெயிலை விட்டுக் கடைக்குள் ஓடினாள். தலைத்துணியை உருவிக் கேமராவைச் சுற்றி, இரண்டு கையையும் உள்ளே விட்டு, ஒரு பொட்டு வெளிச்சமும் படாமல், மெமரி கார்டைத் துழாவி எடுத்தாள்.