சித்திக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு

மாமா அந்த சுகர் மிஷினை வாங்கி வந்த வாரத்தில் எங்கள் வீட்டில் என் விரல்களைத் தவிர, குத்துப்படாத விரல் ஒன்றுகூட மிச்சமில்லை. உண்மையில் அது அப்பாவுக்காக வந்த மிஷின். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை வெறும் வயிற்றோடு மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறி, கடலூர் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வாடிப்போய்த் திரும்புவார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மருந்துக் கம்பெனி ரெப். டையும் கறுப்புப் பையுமாக பைக்கில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அலைகிறவர். "இனிமே லேபுக்கு அலையவே வேணாம். லேபு நம்ம வூட்டு ஷெல்புல இருக்குது" என்று சொல்லி அப்பாவின் விரலில் நறுக்கென்று குத்தினார்.

அதோடு விட்டாரா? அம்மாவைக் குத்தினார். பால்காரரைக் குத்தினார். எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குத்தினார். நான் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே குடியிருந்தேன். நாலாவது படிக்கிற பிள்ளைக்கு எதுக்குடா சுகர் பாக்கணும் என்று அம்மா சண்டை போட்டதால் தப்பித்தேன்.

சித்தி மட்டும்தான் விரலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள்.

"இது எவ்ளோ தப்பு காட்டும்ணா?"

மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வெளிநாட்டு மிஷினைப் பார்த்துத் தப்பு என்று சொல்லலாமா? சித்தி அசரவில்லை. எந்த மிஷினும் கொஞ்சம் தப்பு காட்டத்தான் செய்யும், எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும் என்றாள். அடுத்த முறை அப்பா லேபுக்குப் போனபோது மிஷினையும் எடுத்துக்கொண்டு கூடவே போனாள். லேபில் ரத்தம் எடுத்த கையோடு வாசலில் உட்கார வைத்து மிஷினிலும் பார்த்தாள். லேப் நூற்று அறுபத்தெட்டு என்றது, மிஷின் நூற்று எண்பத்தொன்று என்றது. "பரவால்ல, நல்ல மிஷின்தான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சித்தி அப்படித்தான். அம்மாவின் கடைசித் தங்கை, எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தாள். செய்முறை வகுப்பில் எதையும் மூன்று முறை அளக்கச் சொல்லுவார்களாம். அவள் அதை வகுப்போடு விடாமல் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் மூன்று தடவை வாய்க்குள் போகும். ஜாக்கெட் தைக்க அளவெடுத்த டெய்லரம்மாவை இன்னும் இரண்டு தடவை அளக்கச் சொல்லி, அந்தம்மா இனிமேல் இந்த வீட்டுக்கே வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. இந்தக் குணத்தோடு எவன் வீட்டில் போய்க் குடித்தனம் பண்ணுவாளோ என்று அம்மா புலம்புவாள். சித்திக்கு அப்போது இருபத்தேழு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகச் சிதம்பரத்திலிருந்து ஒரு இடம் வந்தபோது, இதுவும் போய்விட்டால் அவ்வளவுதான் என்று அம்மா என்னிடமே சொல்லி அழுதாள்.

மாப்பிள்ளைக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் பத்தேகாலுக்கே வந்து இறங்கிவிட்டார்கள். அம்மா அடுப்பில் பஜ்ஜியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழம் பாதி அறுத்தபடி கிடந்தது. கட்டியிருந்த பட்டுப் புடவையோடு சித்தியே உட்கார்ந்து சுளை பிரித்து, கொட்டை நீக்கி, தட்டுகளில் அடுக்கினாள். கூப்பிட்டதும் கையில் நல்லெண்ணெய் தடவிப் பால்பிசுக்கை எடுத்து, துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பலாப்பழம் அறுத்த கையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் துடைப்பார்கள். தண்ணீருக்குப் பிசுக்கு போகாது.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான் ஷெல்பில் இருந்த மிஷினைப் பார்த்துவிட்டு, அது இன்னா என்று கேட்டார். மாமாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எடுத்து வந்து விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க பொண்ணுக்கு இப்ப பாத்து காட்டுறேன் பாருங்க, கல்லு மாதிரி உடம்பு" என்று சித்தியின் கையைப் பிடித்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு விரலைத் துடைத்து, ஊதிக் காயவைத்துக் குத்தினார். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எண்ணைக் காட்டியது. மாமா மிஷினைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். பெரிய எண்களைப் படிக்கப் புதிதாகக் கற்றிருந்த நான்தான் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தேன்.

"முந்நூத்தி பன்னெண்டு!"

எனக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு சக்கரையில காலு போயி, அப்பறம் கிட்னி போயி, கண்ணு முன்னாடியே செத்தாரு. இன்னொரு தபா அத பாக்க என்னால ஆவாதுங்க" என்றார். அம்மா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். மாமா மிஷினைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "ஒரு ரீடிங்க வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அண்ணா, இன்னொன்னு எடுங்க" என்றாள். மாமா அடுத்த விரலை ஸ்பிரிட்டால் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டுக் குத்தினார். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒருமுறை சொன்னால் பொய் என்று தள்ளலாம், அதையே மறுபடியும் சொன்னால் என்ன செய்வது? கூட வந்த உறவுக்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போது மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"உக்காரும்மா. அவுங்க சொல்லி முடிக்கட்டும்."

சித்தி அவரை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்தாள். சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கக் குழாய்க்குப் போய், சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். இந்தத் தடவை தொண்ணூற்று நாலு.

அம்மா "மாரியாத்தா" என்று கத்தியேவிட்டாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சும்மா ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. மூன்று தடவை குத்தினால் மூன்று எண் காட்டுகிறதே, இதில் எதை நம்புவது என்று கேட்டார். வேறு யாராவது இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள். சித்தி, "நியாயமான கேள்விம்மா" என்றாள். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

என் கையைக் கழுவித் துடைத்துக் குத்தினார்கள். தொண்ணூற்றொன்று. பிறகு ஒரு பலாச்சுளையைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். எண்ணெய் தடவித் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சும் போட்டு இன்னொரு விரலில் குத்தினார்கள். முந்நூற்று நாற்பது. நான் வீடே இடிகிற மாதிரி அழுதேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சித்தி வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள்: "மிஷின் மேல தப்பு இல்லம்மா. சொட்டு எத்தினி சின்னது பாருங்க. அதுல துளி பழம் சேந்தாலும் அதுக்கு எல்லாம் சக்கரதான். ரத்தத்துல இருக்கறது எது, தோல்ல இருக்கறது எதுன்னு அதுக்குத் தெரியாது. ஸ்பிரிட்டு கிருமிய எடுக்கும், சக்கரைய எடுக்காது. தண்ணிதான் எடுக்கும்."

மருந்து விற்கிற மாமா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "கெட்டிக்காரிடிம்மா நீ" என்று சிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிடம் என் சித்தியைப் போல ஒருத்தி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்கு நெஞ்சு விம்மியது. விரல் வலித்தாலும் விம்மியது.

எல்லாம் முடிந்து காபி வந்தபோது மாப்பிள்ளை எழுந்தார். "எனக்கும் பாத்துருங்க. அவுங்கள மட்டும் இத்தினி தபா குத்திட்டு நான் சும்மா போனா நல்லா இருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் குழாய்க்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

இருநூற்று எண்பத்தேழு.

இந்த முறை நான் படிப்பதற்குள் மாமா என் வாயைப் பொத்திவிட்டார். மாப்பிள்ளையே குனிந்து பார்த்துக்கொண்டார். பலாப்பழத்தை அவர் தொடவே இல்லை. மறுபடியும் போய்க் கழுவினார். இருநூற்று எண்பத்தொன்று. "மூணாவது எடுங்கண்ணா" என்றாள் சித்தி. அவள் குரலில் ஆசிரியை இல்லை, ஒரு கெஞ்சல்தான் இருந்தது. மூன்றாவதும் அதையேதான் சொன்னது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சித்தி நிரூபித்துக் காட்டியதெல்லாம் அவருக்குத் தப்பிக்க ஒரு வழியும் வைக்காமல் அடைத்துவிட்டது. அவருடைய அம்மா அழவில்லை. மகனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி போய் அந்தம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இது வூட்டுல வச்சி பாத்துக்கற மிஷின்மா. இத வச்சி யாருக்கு இருக்குது, யாருக்கு இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது. நாளைக்கி வெறும் வயித்துல லேபுல பாக்கட்டும். எனக்குச் சொன்னதுதான் அவருக்கும்" என்றாள்.

மறுநாள் சிதம்பரத்தில் லேபும் அதையே சொன்னது. நாலு நாள் கழித்து அந்தம்மாவே போன் செய்தார். பையனுக்கு இருக்குதுங்க, மறைக்க மனசு வரல, உங்க பொண்ணு தங்கமான பொண்ணு, வேற நல்ல எடமா பாருங்க என்றார். அப்பா பெருமூச்சு விட்டார். நல்லவேளை, முன்னாடியே தெரிந்தது என்றார் மாமா. தன் மிஷினால்தான் தெரிந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளையிடம் தானே பேச வேண்டும் என்றாள் சித்தி. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கரைக்காரனிடம் உனக்கு இனிமேல் என்னடி பேச்சு என்று கத்தினாள். சித்தி பதிலுக்குக் கத்தவில்லை. "எனக்கு முந்நூத்தி பன்னெண்டுன்னு காட்டுச்சு இல்ல, அப்ப நம்ம வூட்டுலயே யாரும் என் மூஞ்சிய பாக்கலக்கா. நீகூட பாக்கல" என்றாள். அம்மா விருட்டென்று உள்ளே போனாள். முருங்கைக்கீரையை எடுத்து வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி ஹாலில் போனை எடுத்து எண்களை அழுத்தினாள். அம்மா என்னைக் கண்ணாலேயே ஏவினாள். நான் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சரி என்பாளா, வேண்டாம் என்பாளா என்று காத்துக் காத்து எனக்குக் கால் வலித்துவிட்டது. அவள் இரண்டையும் சொல்லவில்லை. காலையில் எத்தனை இட்லி சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். ஷிப்ட் மாறும் வாரத்தில் சாப்பாடு எத்தனை மணிக்கு, கேன்டீனில் சோறு மட்டும்தானா, டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்றெல்லாம் கேட்டாள். ஒரு காகிதத்தில் வேறு எழுதிக்கொண்டாள். ஒருதடவை சிரித்தாள். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அம்மாவிடம் ஓடினேன். "கல்யாணத்த பத்தி ஒண்ணுமே பேசலம்மா. எத்தினி இட்லி சாப்புடுவீங்கன்னு கேட்டு எழுதிக்கினு இருக்காங்க" என்றேன்.

கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பாவம், இந்த இடமும் தட்டிப்போய்விட்டதே என்று எனக்கும் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "அழாதம்மா, சித்திக்கு வேற மாப்பிள்ள பாத்துக்கலாம்" என்று தேற்றினேன்.