செவப்பு லங்கோடு

அப்போ எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க. நாள் பூரா தறிக்குழியில உக்காந்து முதுகு கூனிப்போன ஆளு நானு. திருத்தணி மலையடிவாரத்துல ஒரு கொட்டாயில பெரியவங்களுக்கும் கசரத்து, அதான் தேகப்பயிற்சி, சொல்லித் தராங்கன்னு கேட்டதும் காலு தரையில நிக்கல. யுத்த காலம், நூலுக்கு ஊரே அல்லாடிகினு இருந்திச்சி. அதுலயும் மிச்சம் புடிச்சி, கசரத்துக்குக் கோவணமா இறுக்கிக் கட்ட எனக்குன்னு ஒரு செவப்பு லங்கோடு நெய்ஞ்சேன்.

"துவைச்சிக் கட்டு பாவா"ன்னா பொண்டாட்டி.

"போடி, பளபளப்பு போயிடும்"னேன்.

மொத நாளு. உக்காந்து எழுந்து பஸ்கி எடுத்துகினு இருக்கேன், வேர்வை ஊத்துது. தொடை வழியா செவப்பா எறங்குது!

"ஐயோ ரத்தம்! வூட்டுக்குப் போ நைனா"ன்னு வாத்தியாரு பதறிட்டாரு.

போயிருந்தா மானம் தப்பிச்சிருக்கும். ஆனா இல்லாத காயத்தைச் சொல்லிட்டுப் போனா, மறுநாள் எந்த மூஞ்சியோட வர்றது?

"ரத்தம் இல்லீங்க, சாயம். துவைக்காத புதுத்துணி"ன்னேன்.

கூரை பிய்ஞ்சிடுற மாதிரி எல்லாரும் சிரிச்சாங்க. வாத்தியாரு கண்ணைத் தொடைச்சிகினு, "அப்புறம் ஏன் நிக்கிற? எடு பஸ்கி"ன்னாரு. நானும் சிரிச்சிகினே எடுத்தேன்.

அப்புறம் எத்தினியோ எடத்துல மானத்தைக் காப்பாத்திகினு திரும்பி வந்திருக்கேன். அங்கெல்லாம் மறுபடி போனதே இல்ல.