ஊற்றில் நான் அடித்த எண்ணெய்

மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கொசு ஒழிப்பு வேலையில் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது வாரம். முந்தின நாள் மத்தியானம் அந்த ஊற்றில் எண்ணெய் அடித்தவன் நான்தான்.

ஐம்பதுகளின் தொடக்கம். பாலக்காடு டவுனுக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே, தாழம்புதர் ஓரத்தில் இருந்தது ஊற்று. அடியில் வெள்ளை மணல் ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும். கோடையிலும் வற்றாது. சுற்றியிருந்த இருபது வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். நாங்கள் நிரப்பும் பாரத்தில் குளம், கிணறு, குட்டை என்று மூன்று கட்டங்களே இருந்தன. ஊற்றைக் குட்டை என்று எழுதினேன்.

அடிக்கும் முன் நீளக் காம்புக் கரண்டியால் மொண்டு கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துத் தடவை மொண்டேன், ஒன்றுகூட இல்லை. தண்ணீர் எடுக்க வந்த ராமாத்தாள் நிறைமாதக்காரி. புழு இல்லாத இடத்தில் எதற்கு மருந்து என்று கேட்டாள். நியாயமாகப் பட்டது. ரோட்டில் சைக்கிளோடு நின்ற இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், நல்ல மனுஷர், காகிதத்தைத் தாண்டி யோசிக்க மாட்டார்.

"லிஸ்டில இருக்கோன்னோ? அப்போ அடிச்சுட்டு வாங்கோ."

டி.டி.டி. கலந்த எண்ணெயை முதுகுப் பம்பால் அடித்தேன். குடித்தால் ஒன்றும் செய்யாது என்று ராமாத்தாளிடம் அளக்கவும் செய்தேன்.

மறுநாள் செத்து மிதந்ததெல்லாம் நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த சின்ன மீன்கள். மானத்துக்கண்ணி என்பார்கள். ராமாத்தாள் திட்டவில்லை. அந்தத் தண்ணீரைச் செம்பில் மொண்டு நீட்டினாள்.

"ஒண்ணும் பண்ணாதுன்னீங்கல்ல. நீங்க குடிச்சுக் காட்டுங்க, நானும் குடிக்கறனுங்க."

செம்பை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவள் வெறுங்குடத்தோடு ஒன்றரை மைல் தள்ளியிருந்த கிணற்றுக்கு நடந்தாள், அந்த வயிற்றோடு.

ஊறி வந்த தண்ணீர் சில நாளில் எண்ணெயை வாய்க்காலுக்குத் தள்ளிவிட்டது. பதினைந்தாம் நாள் மொண்டு பார்த்தேன். கரண்டி நிறையப் புழு நெளிந்தது. பொட்டில் அடித்தது போல அப்போதுதான் உறைத்தது. அத்தனை காலமும் புழுவைத் தின்று தீர்த்தவை அந்த மீன்கள். நான் அவற்றைக் கொன்றிருக்கிறேன்.

புழு இருந்தால் மறுபடி அடி என்றார் இன்ஸ்பெக்டர். வேலை போனாலும் அடிக்க மாட்டேன் என்றேன். அவர் நேரில் வந்து பார்த்தார். பிறகு பக்கத்து ஓடையிலிருந்து நான் குடத்தில் மீன் கொண்டுவந்து விட அனுமதித்தார்.

மூன்று மாதத்தில் புழு போயிற்று. அப்போதும் ராமாத்தாள் கைக்குழந்தையோடு அந்தத் தூரத்துக் கிணற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளை நிறுத்தி, ஊற்றுநீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக் காட்டினேன்.

"நீங்க குடிங்க. நான் பால் குடுக்கறவளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கரண்டியில் புழு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அங்கே தண்ணீர் எடுக்கிறவர்களைக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ராமாத்தாள் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள்.