பான்கேக் பூசாத கை

"அந்த ஹிப்பி படத்துல நான் பெல்பாட்டம் போட்டு ஆடினேன்" என்று தங்கபுஷ்பம் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கடையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து தைக்கும் ஜஹனாரா இருபது வருஷமாக நம்பவில்லை. "போக்கா, காதுல பூ சுத்தாத."

அட, நம்பாததிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் ஏஜென்ட் துணை நடிகைகளை இரண்டாகப் பிரித்து நிறுத்துவார். சிவப்பாக இருந்தால் ரிச் கேர்ள்ஸ். பார்ட்டி, கல்யாண வரவேற்பு எல்லாம் அவர்களுக்கு. கறுப்பாக இருந்தால் குழாயடிச் சண்டைக்குத்தான் லாயக்கு. தங்கபுஷ்பம் பதினோரு படத்தில் குடம் தூக்கினவள். பன்னிரண்டாவதில் ரிச் கேர்ள் ஒருத்திக்குக் காய்ச்சல் வர, இவளுக்கு அடித்தது யோகம். கஞ்சா புகைத்துக்கொண்டே சமத்துவம் பேசும் பணக்காரப் பிள்ளைகளைக் கிண்டலடித்த படம் அது.

ஐம்பது வருஷம் கழித்து அடையாறில் ஒரு ஃபிலிம் கிளப் அதைத் திரையிட்டது. "வா, இன்னிக்குப் பாத்துரலாம்" என்று ஜஹனாராவை ஆட்டோவில் ஏற்றினாள். தான் இருப்பது தெரியாவிட்டால் மீதி ஆயுசுக்கும் அவள் புளுகுணி.

பார்ட்டி காட்சி வந்த வேகத்தில் போய்விட்டது. எல்லா முகமும் மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. "எங்கக்கா கீற?" என்றாள் ஜஹனாரா. தங்கபுஷ்பத்துக்கே தெரியவில்லை.

படம் முடிந்ததும் பேராசிரியர் விஜயராகவன் மைக்கைப் பிடித்தார். பணக்காரர்களைக் கிண்டல் செய்த படத்தின் பார்ட்டியில்கூடக் குப்பத்து முகம் ஒன்றும் இல்லை என்றார். மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். வெள்ளை முகங்களுக்கு மேலே ஒரே ஒரு கறுத்த கை உயர்ந்திருந்தது.

"இது உழைக்கும் வர்க்கத்தின் குறியீடு. இயக்குநர் வேண்டுமென்றே வைத்தது. இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்."

தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். "குறியீடும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அது என் கை. மேக்கப்மேன் மூஞ்சி, கழுத்து வரைக்கும் பான்கேக் அப்பினாரு. கைக்கு வர்சொல்ல டப்பா காலி. கையைக் கீழயே வெச்சிக்கோன்னாரு. பாட்டைக் கேட்டதும் சந்தோஷத்துல தூக்கிட்டேன்."

அரங்கமே சிரித்தது. விஜயராகவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா முகம் உங்களுது மாதிரியே இல்லையேம்மா."

"மூஞ்சி அவங்க போட்டது சார். கைதான் என்னுது."

ஜஹனாரா திரையில் இருந்த கையை உற்றுப் பார்த்தாள். சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. எதிரே உட்கார்ந்து இருபது வருஷம் ஊசி பிடித்த விரல், அவளுக்குத் தெரியாதா?

"நீதாங்கா" என்றாள்.