படப்பை ரோட்டில் ஒரு கான்செர்ட்டோ

"ஒரே ஒரு நிமிசம் கம்முனு இருங்கடான்னா, ஒருத்தனும் இருக்க மாட்றானுங்கோ!"

கல்யாண வீடோ சாவு வீடோ, பேண்டு செட்டு வேனில் ஏறியதுமே தாமோதரன் இதைச் சொல்லிவிடுவார். மூக்கால் ஆரம்பித்து, கடைசி எழுத்தைத் தன் ட்ரம்பெட் மாதிரியே இழுப்பார். பின்சீட்டில் இருந்து ஐந்து குரல்கள் "மாட்றானுங்கோஓஓ" என்று அதே இழுப்பைத் திருப்பி அனுப்பும்.

கோவளத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகாமல் மறைமலை நகரில் காருக்கு பிரேக் செய்யும் கம்பெனிக்குப் போனார்; லீவு நாளில் பேண்டு செட்டு. கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள் போனைத் தேய்த்தபோது கான்செர்ட்டோ என்ற வெள்ளைக்காரன் சங்கீதம் கண்ணில் பட்டது. அன்றைக்குக் கெட்டார் மனுஷன்.

பெரிய டிரம் அடிக்கும் சவுரிமுத்துவைத்தான் பிடித்து உட்கார வைத்தார்.

"வெள்ளக்காரன் நாட்டுல மின்னாடி சின்ன கும்பலும் பெரிய கும்பலும் மோதிக்கும்டா. அப்பால சின்ன கும்பல் தேஞ்சு தேஞ்சு ஒரே ஆளு ஆயிட்டான். ஒத்த ஆளு, எதுக்க மொத்த கும்பலு. மூணு ரவுண்டு. வேகம், மெதுவு, மறுபடி வேகம்."

"குஸ்தியாண்ணா?"

"மூட்றா. மொத ரவுண்டு முடியற நேரத்துல எல்லாம் நிறுத்திருவான். இவன் மட்டும் மனசுல வர்றத அவுத்து வுடுவான். ரொம்ப ஆட்றானுங்கன்னு பின்னாடி அதையும் எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கு எவன் எழுதறது? நானே வாசிப்பேன். கடசீல ரெண்டு சொரத்த மாத்தி மாத்தி நடுங்க வுடுவேன். அந்த நடுக்கம் கேட்டாதான் தட்டணும். மின்னாடியே தட்ன, கைய ஒட்ச்சிருவேன்."

படப்பைப் பக்கத்துச் சாவு ஊர்வலத்தில் டிரம் தட்டினால் பாடை நகரும், நின்றால் இறக்கிவிடுவார்கள். இருபது வருஷம் வாசித்தவருக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துபோனார்.

இறந்தவர் நிலக்காரர் முனிரத்தினம். மார்க்கெட் வளைவில் தாமோதரன் கையைத் தூக்கினார். டிரம் நின்றது. தூக்கியவர்கள் பாடையைக் கொதிக்கிற தாரில் இறக்கினார்கள். தாமோதரன் கண்ணை மூடி ஊத ஆரம்பித்தார். அரை நிமிஷம்.

"எங்கப்பன நடுரோட்ல போட்டுட்டு இன்னாடா பாட்டு?" முனிரத்தினத்தின் மகன் முகிலன் விட்ட குத்து ட்ரம்பெட்டில் விழுந்தது. பித்தளை வாய் பல்லில் ஏறியது. மேலுதடு இரண்டாகக் கிழிந்தது.

பங்காளிகள் மூங்கிலோடு வந்தார்கள். பேண்டுக்காரர்கள் ஜால்ரா தட்டால் திருப்பி வெட்டினார்கள். ஒருவனுக்குக் காது தொங்கியது. சின்ன டிரம்முக்குள் ஒருவன் முழங்கால் வரை இறங்கினான். சவுரிமுத்து மண்டையில் மூன்று அடி. ரத்தம் கண்ணில் வழிய, தடியை ஓங்கியபடியே நின்றான்.

"தட்றா டேய், பாட தூக்கணும்!" என்று அலறினார் ஒரு பெரியவர்.

"நடுக்கம் வரலியே பெருசு!"

அந்த டிரம் பேசாமல் பாடை எழாது. பாடை எழாமல் அடி நிற்காது. தட்டச் சொல்ல தாமோதரன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. முதுகில் மூங்கில் விழ விழத் தவழ்ந்து ட்ரம்பெட்டை எடுத்தார். கிழிந்த உதட்டில் வைத்து அழுத்தினார். உயிர் போகிற வலி. இரண்டு சுரம், மாறி மாறி, நடுங்கி நடுங்கி வந்தது.

சவுரிமுத்து இறக்கினான் பாருங்கள் ஓர் அடி! பழக்கத்தில் நாலு பேர் கை பாடைக்குக் கீழே போனது. அடித்துக்கொண்டிருந்தவர்களும் பாதி அடியை விட்டுவிட்டு ஊர்வலத்தோடு நடந்தார்கள்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். இனி ஊதவே முடியாது, இரண்டு வாரம் பேசவும் கூடாது என்றார் டாக்டர். ட்ரம்பெட்டில் குத்திக் கிழிந்த கைக்குக் கட்டுப் போட வந்த முகிலன் கட்டிலருகே நின்றான்.

"எங்கப்பா சாவ சந்தி சிரிக்க வெச்சிட்டியே, வெக்கமா இல்ல?"

தாமோதரன் எழுந்து உட்கார்ந்தார். தையல் பிரிந்து ரத்தம் தாடையில் இறங்கியது.

"அட்ச்ச, வாங்கிக்கினேன், அது போவட்டும் தம்பி. ஆனா உங்கப்பனுக்கோசரம் நான் வாசிச்ச அந்த அர நிமிசத்துல, அவ்ளோ பெரிய ரோட்ல ஒரு தண்ணி லாரிகூட ஆரன் அடிக்கல. மொத சத்தம் போட்டது நீதான்!"