பெட்டியில் வந்த மாத்திரை

1. பித்தப்பைக் கல்லுக்காக ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.
2. தினமும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியே எழுதினேன்.
3. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது.
4. மறுபடியும் கேட்டேன்.

மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாக எனக்கு அது முதல் வருஷம். கேள்விகளை வரிசை பிசகாமல் கேட்டு டிக் அடிப்பதில் ஒரு பெருமை இருந்தது. அன்று வரிசையை விட்டுவிட்டு, முட்டி வலித்தால் என்ன செய்வீங்க என்றேன். உடனே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நடவுக்குப் போகிற பெண்களுக்கும் ரெண்டு ரெண்டு கொடுப்பாராம். டப்பாவில் ஆஸ்பிரின் என்று இருந்தது. ரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாத மாத்திரை.

"இதைத்தானேம்மா அன்னைக்கே கேட்டேன்?"

"இது மருந்தா? எம் புள்ள துபாய்லேருந்து அனுப்புறதுங்க."

என்னால் கோபப்பட முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்து சித்தப்பா பெட்டியைத் திறந்தால் சோப்பு, சென்ட், தைலம் எல்லாம் கலந்து ஒரு வாசனை கூடம் முழுக்க நிற்கும். இப்போது அவையெல்லாம் இங்கேயே கடையில் கிடைக்கின்றன. அந்த வாசனைதான் இல்லை. மாத்திரையும் அந்தச் சாமான்களோடு வந்த ஒரு சாமான். தெருவுக்கே பங்கு வைத்துக் கொடுப்பதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாவது ஆகட்டும் என்றார் டாக்டர். லீவில் வந்திருந்த மகனுக்கு நாலாம் நாள் விமானம். சின்ன ஆபரேஷன்தானே, டாக்டரிடம் நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். அவன் பக்கத்தில் இல்லாமல் படுக்கவே மாட்டேன் என்றார் அம்மா.

நான் பஞ்சை எடுத்துக் காட்டினேன்.

"ஊசி குத்தின இடம். இவ்வளவு நேரம் அழுத்தியும் நிக்கல பாருங்க. உள்ள வெட்டுற இடத்த இப்படி விரலால பிடிக்க முடியாதுங்க."

மகன் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாந்தாம்மா அனுப்புனேன். இப்ப வேண்டாம், ஆபரேஷனத் தள்ளியே வச்சுக்குவோம்."

ஆபரேஷன் அன்று மருமகள்தான் கூட இருந்தார். மகன் துபாயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை நான் எடுத்து, முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்றேன்.

மருமகளை எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். அம்மா நலமாக இருக்கிறார். முட்டி வலி அப்படியே இருக்கிறது. மகன் இன்னும் துபாயில்தான்.